வவ்வால் வித்தை

துணி காயப்போட்டிருந்த ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்தபடி தரையில் விழுந்து கிடந்தார் பைண்டிங் கடைக்காரர்.

"என்னங்க சத்தம்?" அடுக்களையிலிருந்து மனைவி.

"ஒண்ணுமில்ல, துணியை மடிக்கலாம்னு பார்த்தேன்!"

கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டைகூட மடித்தறியாத மனுஷன். பாவம், வேறென்ன சொல்வார்? கொஞ்ச நாளாகப் பொழுது சாய்ந்தால் கண் தெரிவதில்லை. விளக்குப் போட்டாலும் எல்லாம் மங்கல்தான். மகளுக்கோ பிரசவ நேரம். விஷயம் தெரிந்தால் மனைவி மகள் வீட்டுக்குக் கிளம்பவே மாட்டாள். தலைப்பிரசவத்தில் பிள்ளை அம்மா இல்லாமல் தவிக்குமே! அவள் திரும்பி வந்ததும் டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம்.

வழிகாட்டியது அடுக்களை ரேடியோ. வவ்வால் கத்திக்கொண்டே பறக்குமாம். அந்தச் சத்தம் எதில் பட்டு எப்படித் திரும்புகிறது என்று கேட்டே சுவர் எது, பூச்சி எது என்று தெரிந்துகொள்ளுமாம். அவரும் நாக்கை 'டக் டக்'கென்று தட்டிப் பழகினார். சுவர் ஒழுங்காகப் பதில் சொன்னது. துணியும் திரைச்சீலையும் சோபா திண்டும்தான் சத்தத்தை விழுங்கிவிட்டுக் கம்மென்று இருந்தன.

"அதென்ன எந்நேரமும் டக்கு டக்குன்னு?"

"பல்லுல ஏதோ மாட்டிக்கிச்சு."

வாயைத் திறந்ததுதான் தப்பு. மறுநாளே பல் டாக்டரிடம் இழுத்துப்போனாள். டாக்டரும் தேடிப்பிடித்து ஒரு சொத்தையை அடைத்தார். ஊசியில் நாக்கு மரத்து, 'டக்' என்பதற்குப் பதில் 'பொளக்' என்றது. அன்று மாலை நேராகப் பீரோவில் போய் முட்டிக்கொண்டார்.

"பீரோவ நகர்த்தலாம்னு..."

"நகர்த்துங்க, நகர்த்துங்க" என்று நெற்றியைத் தேய்த்துவிட்டாள். நம்பிவிட்டாள். அப்பாடா!

அடுத்த வாரம், அவர் கடையில் இருந்தபோதே பஸ் ஏறிவிட்டாள். இருட்டுகிற நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தவர் நாக்கைத் தட்டினார். டக்! வீடே கணீரென்று பதில் சொன்னது. அடுக்களைவரை எதிலும் இடிக்காமல் போய்வந்தார். சந்தோஷம் தாங்கவில்லை.

வாசலில் மாடிவீட்டுப் பெண்ணின் குரல் கேட்டது.

"அண்ணே, அண்ணி நல்லபடியாப் போய்ச் சேர்ந்துட்டாங்களாம்."

"நான் இங்க ராஜா மாதிரி இருக்கேன்னு சொல்லும்மா! அவளுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம்."

"ஆமாண்ணே, தெரியாமத்தான் ஒரு வாரமா நீங்க கடைக்குப் போனதும் கண்ணைக் கட்டிக்கிட்டு, நாக்கைத் தட்டித் தட்டி வீடு பூரா நடந்து பார்த்து, சத்தம் திரும்பி வராததையெல்லாம் இன்னிக்கு எங்க வீட்டுல கொண்டாந்து போட்டுட்டுப் போயிருக்காங்க!"