முன் சீட்டில் பத்துக் கிலோ சம்பா

தன் சொந்தக் காரைக் கண்டு நடுங்கியபடியே அதை ஒரு நாளும் விடாமல் ஓட்டிய மனிதர் கொழும்பில் ஒரே ஒருவர்தான். வெள்ளவத்தையில் எங்கள் லேன் முழுவதும் அவரை ரீகோல் அங்கிள் என்றே சொல்லும். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கேற்றில் ஒரு பலகையில் எழுதியும் இருந்தது. போகன்வில்லா படர்ந்து அதை மூடிவிட்டது. நாங்களும் விலக்கிப் பார்க்கவில்லை.

படிக்கவென்று கொழும்புக்கு வந்து, அவர் வீட்டுக்கு எதிர் பிளற்றில் நண்பர்களோடு நான் அறையெடுத்து இருந்த காலம் அது. அங்கிள் கொட்டாஞ்சேனையில் பிறந்தவர், துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பிறவியிலேயே முன்யோசனைக்காரர். மழை வருமென்று சொன்னால் குடை எடுப்பவர்கள் உண்டு. அங்கிள் வராதென்று சொன்ன நாளிலும் இரண்டு குடை எடுப்பார். ஒன்று விரியாமல் இறுகிக்கொண்டால் மற்றது.

அப்படிப்பட்டவர் தலையில் கனடாவிலிருந்து மகன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். அவனுடைய காரில் எயார்பேக் பிழையாம். எங்கேயாவது மோதினால் பை விரியும்போது அதற்குப் பின்னால் இருக்கிற இரும்புக் கூடும் சேர்ந்து வெடித்து, துண்டு துண்டாக ஆள்மேல் பாயுமாம். அதனால் கம்பனியே காரைத் திருப்பிக் கூப்பிட்டுச் சும்மா மாற்றிக் கொடுக்கிறதாம். அதற்குப் பெயர்தான் ரீகோல். மகனுக்கு ஒரே பின்னேரத்தில் வேலை முடிந்தது. அது முடியும்வரை ஓட இன்னொரு காரும் கொடுத்தார்கள். “உங்கடயும் அதே மொடல் அப்பா, நம்பரை அடிச்சுப் பாருங்கோ” என்று சொல்லிவிட்டு அவன் நிம்மதியாக வேலைக்குப் போய்விட்டான்.

அங்கிள் நேரே என்னிடம் வந்தார். எந்த நேரமும் ஃபோனும் கையுமாக இருக்கிறவன் என்ற தகுதி போதுமாயிருந்தது. பொனற்றைத் திறந்து, தூசியைத் துடைத்து, செசி நம்பரைத் தேடிப் பிடித்து ஃபோனில் அடித்தேன். இதற்கும் ரீகோல் என்று சிவப்பு எழுத்தில் பதில் வந்தது.

“டிரைவர் பக்கமோ, மற்றப் பக்கமோ?”

“மற்றப் பக்கம் அங்கிள். இடப்பக்கச் சீட்.”

அவர் குனிந்து யன்னலால் அந்தச் சீட்டைப் பார்த்தார். பிறகு, “அது மனுசியின்ர பக்கம்” என்றார்.

அன்றோடு முன் சீட்டுக்குத் தடை விழுந்தது. மறந்துபோய் யாராவது ஏறி உட்கார்ந்துவிடக் கூடாதென்று அதில் பத்துக் கிலோ சம்பா அரிசி மூட்டையை வைத்தார். மூட்டையின் பாரத்தில் ஆள் இருப்பதாக நினைத்துக் கார் கீக் கீக்கென்று கத்தியது. அரிசிக்கு பெல்ற் போட்டுவிட்டார். அதன் பிறகு அந்தச் சம்பா கொழும்பில் போகாத இடமில்லை. மட்டக்குளி பார்த்தது, தெமட்டகொடை பார்த்தது, ஒவ்வொரு ஞாயிறும் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயில் வாசலில் பூசை முடியும்வரை பொறுமையாகக் காத்திருந்தது.

இதில் அடிபட்டவர் அங்கிளின் மனைவி அன்ரிதான். கலியாணம் கட்டிய நாளிலிருந்து, எந்தக் கார் வந்தாலும், இடப்பக்கச் சீட் அவருடையது. சீட் என்றால் சும்மா இருக்கிற இடமில்லை, உத்தியோகம். அங்கிள் இடப்பக்கக் கண்ணாடியை வாழ்க்கையில் பார்த்ததில்லை. அதற்கு அன்ரி இருந்தார். “சைக்கிள்”, “பஸ்”, “மெதுவா” என்ற மூன்று சொல்லில் அவர் காரை ஓட்டுவார், அங்கிள் ஸ்ரேரிங்கைப் பிடித்திருப்பார். பின் சீட்டுக்கு மாற்றிய பிறகு அந்த நிர்வாகம் குழம்பியது. அன்ரி பின்னாலிருந்து “பஸ்” என்பார். அங்கிள் “எங்க?” என்று திரும்பிப் பார்ப்பார். அதற்குள் பஸ் போய்விட்டிருக்கும், கொண்டக்டர் எட்டி ஏசிவிட்டும் போயிருப்பான்.

ஆனாலும் அன்ரி பொறுத்தார். கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாண வீட்டோடுதான் பொறுமை போனது. மண்டப வாசலில் கார் நின்றது. பின்கதவைத் திறந்து பட்டுச்சேலையோடு அன்ரி இறங்கினார். காவலாளி பவ்வியமாக வணக்கம் வைத்துவிட்டு, அங்கிளைப் பார்த்து டிரைவர்மார் பின்பக்கம் போய் நிறுத்த வேண்டும் என்றான். அங்கிள் போனார். அங்கே டிரைவர்மாருக்கென்று தனியாகப் பந்தி நடந்துகொண்டிருந்தது. உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். உள்ளே அன்ரி பக்கத்துக் கதிரையில் கைப்பையை வைத்து, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் “இந்தா வந்திடுவார்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது அங்கிள் பல் குத்தியபடி, பின்பக்கம் பரிமாறிய மீன் துண்டு உள்ளே பரிமாறியதைவிடப் பெரிது என்று சந்தோசமாக அறிவித்தார்.

அன்றைக்கு வீட்டில் நடந்த கதை எங்கள் பிளற்றுக்கே கேட்டது.

“பின்னால இருந்து வர நான் என்ன காரை வாடகைக்குப் பிடிச்சனானோ? என்ர சீட்டைத் தாங்கோ. தரும்வரைக்கும் உங்கட காரில கால் வைக்கமாட்டன்.”

“பேக் மாத்தாமல் அதில உம்மை இருத்தமாட்டன். என்ன சொன்னாலும் இருத்தமாட்டன்.”

இரண்டு பேரும் சொன்ன சொல்லில் நின்றார்கள். அடுத்த ஞாயிறு லேனில் ஒரு புது ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் கார், அதில் அங்கிளும் அரிசியும். பின்னால் ஓட்டோ, அதில் அன்ரி. ஓட்டோ பின்தங்கிவிடுமோ என்று அங்கிள் உருட்டி உருட்டிப் போவார். சந்தியில் பச்சை விழுந்தாலும், ஓட்டோ வந்து சேரவில்லையென்றால் நிற்பார். காலி வீதி முழுவதும் அவருக்குக் கோர்ன் அடித்தது. ஓட்டோ ஓட்டிய சிங்களப் பெடியன் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மே தென்னா தரஹத?” என்று கேட்டான், இரண்டு பேரும் கோபமா என்று. எயார்பேக் விசயத்தை எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். அவன் கடைசிவரை கேட்டுவிட்டு, அப்படியென்றால் கோபம்தான் என்று முடிவெடுத்தான்.

புள்ளிவிபரம் பேசுகிற வயசு எனக்கு. காரைவிட ஓட்டோ எத்தனை மடங்கு ஆபத்து என்று ஒருநாள் அங்கிளிடம் நீட்டி முழக்கினேன். ஓட்டோவுக்குக் கதவே இல்லை, பெல்ற் இல்லை, எயார்பேக் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

“அதுதான் தம்பி,” என்றார். “அதில வெடிக்கிறதுக்கு ஒண்டுமில்லை.”

இதற்கு நடுவில் கிழமைக்கு ஒருதரம், செவ்வாய்க்கிழமையில், பேலியகொடைப் பக்கமிருந்த, கார் கம்பனியின் ஏஜென்ரின் சேர்விஸ் சென்ரருக்குப் போவார். சில தடவை நானும் போயிருக்கிறேன், பின் சீட்டில். அங்கே முதல் நாளே ஒரு சிக்கல் தெரிய வந்தது. அவருடைய கார் ஜப்பானில் ஓடிப் பழசாகி, ரீகொண்டிசன் விற்பனைக்காரர் மூலம் இங்கே இறங்கியது. ஏஜென்ர் தான் விற்ற கார்களுக்கு முதலில் மாற்றுவாராம். மற்றவர் மூலம் வந்தவை வரிசையில் நிற்க வேண்டுமாம். “ஜப்பான்காரன் தன்ர பிழை எண்டு ஒத்துக்கொண்டிட்டான், சும்மா மாத்தித் தாறன் எண்டுறான். இஞ்ச இவைக்கு என்ன, நான் சம்மந்தம் கேட்டு வந்த மாதிரி ஆரின்ர பகுதி எண்டு விசாரிக்கினம்” என்று அங்கிள் புறுபுறுத்தார்.

ஆனால் கவுண்டரில் இருந்த பிள்ளையோடு அவர் ஒருநாளும் சண்டை பிடிக்கவில்லை. வெள்ளவத்தையிலிருந்து அவளுக்குச் சுடச்சுட வடை கொண்டுபோவார். அவள் வடையை வாங்கிக்கொண்டு, உண்மையான கவலையோடு, “பார்ட்ஸ் தவம ஆவே நே, அங்கிள்” என்பாள். பாகம் இன்னும் வரவில்லை. இவர் “ஹரி துவ”, சரி மகள், என்று தலையாட்டிவிட்டுக் காத்திருப்போர் பகுதிக்குப் போய் உட்காருவார். அங்கேதான் அவருடைய ராச்சியம்.

புதிதாக யார் வந்தாலும் முதல் கேள்வி, டிரைவர் பக்கமா, மற்றப் பக்கமா என்பதுதான். மற்றப் பக்கம் என்றால் கை கொடுப்பார். டிரைவர் பக்கம் என்றால் எழுந்து தன் கதிரையைக் கொடுப்பார், ஆசுபத்திரியில் பெரிய வருத்தக்காரருக்குக் கொடுப்பதுபோல. ஒருநாள் புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர் வந்தார். டிரைவர் பக்கம். முன் சீட்டை எப்படிப் பூட்டுவது, அரிசியா மாவா நல்லது என்று அங்கிள் விளக்கினார். ஹாஜியார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாம் சரிதான் மாஸ்டர். நான் இப்ப எங்க போய் இரிக்கிற? டிக்கியில இரிந்து ஓட்டேலுமா?”

காத்திருந்த கூட்டம் முழுவதும் சிரித்தது. அங்கிள் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழி முழுவதும் ஹாஜியாருக்கு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தார்.

பேக் கடைசியில் வரத்தான் செய்தது. மாற்றுவதற்கு ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம் போதுமாயிருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய காலத்தை, நாட்டில் டொலர் இல்லாமல் பார்ட்ஸும் வராமல் பெற்றோலும் வராமல் போன காலத்தை.

ஓட்டோக்கள் எல்லாம் நின்றுவிட்டன. அன்ரியின் ஞாயிற்றுக்கிழமைகளும் நின்றன. அங்கிளின் கார் காலி வீதியில் பெற்றோல் செட்டை நோக்கிய வரிசையில் நின்றது. செட் எங்கள் லேனுக்கு அந்தப் பக்கம். வரிசையின் வால் இந்தப் பக்கம், பம்பலப்பிட்டியில். நானும் என் அறை நண்பன் ஒருவனும் துணைக்குப் போனோம். வேலை என்னவென்றால் வரிசை நகரும்போது காரைத் தள்ளுவது. இருக்கிற சொட்டுப் பெற்றோலை எரிக்க யாருக்கும் மனமில்லை, எல்லாரும் தள்ளினார்கள்.

மத்தியானம் அன்ரி நடந்து வந்தார். புட்டும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு, அந்த வெயிலில். பார்சலை யன்னலால் கொடுத்துவிட்டு ரோட்டிலேயே நின்றார். நிழல் என்று ஒன்றும் இல்லை. பின்கதவை நான் திறந்துவிட்டேன். அவர் அதைப் பார்க்காததுபோல் நின்றார். சொன்ன சொல் சொன்னதுதான்.

அங்கிள் ஒரு வாய் சாப்பிட்டார். பார்சலைத் திரும்ப மடித்து வைத்தார். இறங்கிப்போய் பொனற்றைத் திறந்து பற்றரி வயரைக் கழற்றினார். கழற்றிவிட்டு, மிச்சக் கரண்டும் போகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார், தேவைக்கு மேலேயே. பிறகு இடப்பக்கக் கதவைத் திறந்து, அரிசியின் பெல்ற்றைக் கழற்றி, மூட்டையைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டார். சீட்டைத் துவாயால் துடைத்தார்.

“இஞ்சேரும், ஏறும்.”

“வெடிக்காதோ?”

“கரண்ட் இல்லை. இப்ப இது கார் இல்லை, கதிரை.”

அன்ரி ஏறினார். முதலில் பெல்ற்றைப் போட்டார். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு, இடப்பக்கக் கண்ணாடியைத் தனக்குத் தோதாகத் திருப்பினார்.

வரிசை நகர்ந்தது. நாங்கள் தள்ளினோம். “சைக்கிள்” என்றார் அன்ரி. அங்கிள் ஸ்ரேரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்தார். கார் ஒரு ஆமையின் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது, பின்னால் நாங்கள் இரண்டு பேரும் நாக்குத் தள்ளிக்கொண்டிருந்தோம். அன்ரி உள்ளேயிருந்து, “மெதுவா, மெதுவா” என்றார்.

பின்னேரம் செட்டுக்குள் போய்ச் சேர்ந்தோம். பெற்றோல் கிடைத்தது. அடித்தவன் காரை ஸ்டார்ட் பண்ணி எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். ஸ்டார்ட் பண்ணுவதென்றால் பற்றரி வயரைப் பூட்ட வேண்டும். பூட்டினால் அன்ரி இறங்க வேண்டும். இறங்கினால் நடக்க வேண்டும். அன்ரி நேரே பார்த்தபடி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அங்கிள் யன்னலால் தலையை நீட்டினார்.

“தம்பி, களைச்சுப் போனீரோ?”

“இல்லை அங்கிள்.”

“அப்ப…” என்றார். லேன் பக்கம் கண்ணைக் காட்டினார்.

வயிறு நிறையப் பெற்றோல் குடித்த ஒரு காரைக் காலி வீதியில் தள்ளிக்கொண்டு போனோம். செட்டுக்குள்ளிருந்து ஒரு கார் தள்ளப்பட்டு வெளியே வருவதைக் கண்டதும், பெற்றோல் முடிந்துவிட்டது என்று வரிசை முழுவதும் செய்தி பரவி, பம்பலப்பிட்டிவரை மனிதர்கள் இறங்கி நின்று சத்தம் போட்டார்கள். சிலர் எங்களிடம் வந்து முதுகில் தட்டி ஆறுதல் சொன்னார்கள். என் நண்பன் வெட்கம் தாங்காமல் லேன் முனையில் கழன்றுகொண்டான்.

எங்கள் லேன் காலி வீதியிலிருந்து கடல்பக்கம் இறக்கம். ஒரு தள்ளுத் தள்ளிக் கையை எடுத்தேன். கார் தானாக உருண்டது. போகன்வில்லா கேற் வந்தது. அங்கிள் பிரேக் பிடிக்கவில்லை. கேற்றைத் தாண்டி, எங்கள் பிளற்றைத் தாண்டி, சத்தமே இல்லாமல் கீழே போய், மரைன் டிரைவுக்குக் கொஞ்சம் முன்னால் கடலைப் பார்த்தபடி நின்றது. பின்கண்ணாடியில் இரண்டு தலை தெரிந்தது. அன்ரி இடப்பக்கம் எதையோ கை காட்டிக்கொண்டிருந்தார். அங்கே சைக்கிளும் இல்லை, பஸ்ஸும் இல்லை.

அந்தக் காரைத் திரும்ப மேட்டில் ஏற்ற வேண்டியவன் நான் ஒருத்தன்தான் என்று எனக்குத் தெரியும். அவர்கள் கூப்பிடும்போது கூப்பிடட்டும் என்று பக்கத்து மதிலில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.