ஏரிக்கரை வண்டு

மின்விசிறியை நிறுத்திவிட்டு, கொசுக்களுக்குக் காலைக் கொடுத்தபடி, கையில் செல்போனை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஜோவிதா. ஞாயிற்றுக்கிழமை மதியம்.

மறுநாள் அவளுடைய இயற்பியல் வகுப்பில் பள்ளித் தாளாளர் வந்து உட்காரப்போகிறார். அதைப் பார்த்துத்தான் வேலையை நிரந்தரமாக்குவார். ரயில் ஊதலைச் சொல்லி ஒப்பேற்றியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? பூச்சியின் ரீங்காரத்திலேயே டாப்ளர் விளைவைக் காட்டுகிறேன் என்று எல்லோர் முன்பும் சொல்லிவிட்டாள். கிட்டே வரும்போது சத்தம் கூர்மையாகவும், தாண்டிப் போகும்போது தாழ்வாகவும் கேட்க வேண்டும்.

ஏரியை ஒட்டிய செம்பாக்கத்தில் கொசுவுக்கா பஞ்சம்? ஆனால் அவை ஆடி அசைந்து பறந்தன. சத்தம் கூடிக் குறைந்ததே தவிர, சுருதி மாறவில்லை.

"கடி தாங்கலை ஜோ" என்று கணவன் டெனிஸ் கொசுவர்த்தியைக் கொளுத்தினான். இருந்த கொசுவும் போயிற்று.

வீட்டு வேலைக்கு வரும் செல்லியம்மாள் மனமிரங்கி, ஒரு கருவண்டைத் தீப்பெட்டியில் பிடித்து வந்தாள். திறந்துவிட்டதும் அது திரைச்சீலையில் ஏறி மௌனவிரதம் இருந்தது.

கடைசியில் ரெக்கார்டிங்கைப் போட்டு, போனைத் தெருவோர மதில்மேல் முருங்கை நிழலில் வைத்துவிட்டு வந்து படுத்தாள். கொஞ்சம் கண்ணயரலாம் என்று நினைத்தவள் இருட்டிய பிறகுதான் எழுந்தாள். தன் கவலை தனக்கு மட்டும்தான் என்று தோன்றியது. என்ன ஆயிற்று என்று இந்த மனிதன் ஒரு வார்த்தை கேட்டானா?

போனைக் காதில் வைத்தாள். ஒரே வண்டு, விடாமல் வந்து வந்து போயிருந்தது. வரும்போது கூர்மை, கடந்ததும் சட்டென்று தாழ்வு. அசல் டாப்ளர்.

"கிடைச்சிடுச்சுங்க!"

"நல்லது" என்றான் டெனிஸ். குரல் கம்மியிருந்தது.

"அந்தப் புகையை மூக்குக்கிட்ட வச்சுக்கிட்டா தொண்டை கட்டாம என்ன செய்யும்?"

காலையில் அவன் ஸ்கூட்டரில் சார்ஜே இல்லை. எதிலுமே அக்கறை கிடையாது என்று முணுமுணுத்தபடி ஷேர் ஆட்டோவில் போனாள்.

தாளாளர் ஒலிப்பதிவை இரண்டு முறை போடச் சொல்லிக் கேட்டார். "இப்படி ஒரு வண்டை நான் கேட்டதே இல்லையேம்மா."

"ஏரிக்கரை வண்டு சார்."

வேலை நிரந்தரமாயிற்று. மாலையில் வீட்டுக்கு வந்ததும் அந்தச் சத்தத்தைச் செல்லியம்மாளுக்கும் போட்டுக் காட்டினாள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வண்டு இல்லக்கா அது. நீ தூங்கசொல்ல நம்ம சாருதான் கரண்டு ஸ்கூட்டர்ல தெருவுல போய்கினும் வந்துகினும், உன் போனாண்ட வர்றப்பல்லாம் 'ஙொய்ய்'னு கத்திகினு இருந்தாரு."