எந்த லீக்கோஸ்?

இதை எனக்கு முதலில் சொன்னவள் பிலின்னாதான். என் இளைய மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்த வருஷம், செத்தவர்களுக்குப் பால் ஊற்றும் பானைத் திருநாளுக்கு மறுநாள், ஊற்றடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். அவளுக்குச் சொன்னது செத்துப்போன அவள் புருஷன், மத்தியானத் தூக்கத்தில், கனவில் வந்து. ஆகையால் இதில் பொய் கலக்க வழியே இல்லை.

புருஷன் பெயர் லீக்கோஸ். ஆட்டுப்பாலில் பாலாடைக்கட்டி போடுகிறவர். எங்கள் பக்கத்தில் மூத்த பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைப்பதைத் தவிர வேறு யோசனை யாருக்கும் வந்ததில்லை. அவர் தாத்தாவும் லீக்கோஸ், அந்தத் தாத்தாவின் தாத்தாவும் லீக்கோஸ். எங்கள் பேச்சில் அதற்கு ஓநாய் என்று பொருள். மனுஷர் என்னவோ ஆட்டைவிடச் சாது. அத்திப்பழம் பறிக்க மரத்தில் ஏறினார், பழத்தோடு அவரும் விழுந்தார்.

பாதாள ஆற்றங்கரையில் ஒரு பதிவுக்காரர் உட்கார்ந்திருக்கிறாராம். பெயர் பதிந்தால்தான் படகு. பதியாதவர் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். வீட்டார் கல்லறையில் ஊற்றும் பாலும் தேனும் அவருக்கு வந்து சேராது. திருநாளுக்கு இன்னும் மூன்றே நாள். பிலின்னா ஊற்றப்போகும் பாலை நினைத்துக்கொண்டே அவர் வரிசையில் நின்றார்.

"பேரு?"

"லீக்கோஸுங்க."

"எந்த லீக்கோஸ்?"

"எங்க வீட்டு லீக்கோஸுங்க."

பதிவுக்காரர் ஏட்டை விரித்தார். "இங்க பாருய்யா. தீப்ஸ் அரியணையப் பிடிச்ச லீக்கோஸ், ஹெராக்ளீஸ் கையால செத்தவரு. லிபியாவுல விருந்தாளிங்களப் பலி குடுத்த லீக்கோஸ். பறவையா மாறிப்போன லீக்கோஸ். கடல்சாமி பெத்த லீக்கோஸ். இப்படி எட்டுப் பேரு ஏற்கெனவே ஏட்டுல இருக்காங்க. உன்னைக் கொன்னது யாரு?"

"அத்தி மரமுங்க."

"பாட்டு ஏதாவது இருக்கா?"

"மரத்து மேலயா?"

"உன் சாவு மேலய்யா! புலவருங்க யாராச்சும் பாடினாங்களா?"

"பொண்டாட்டி ஒப்பாரி வெச்சா."

"அது செல்லாது."

ஆனாலும் பதிவுக்காரர் இரக்கமுள்ளவர். விதி வழுவாமல் ஒரு வழி கண்டுபிடித்தார். "மேற்படி லிபியா லீக்கோஸ் இதுநாள்வரை நேரில் ஆஜராகவில்லை. அந்த இடம் காலியாத்தான் கிடக்கு. நீ அவரா இருந்துட்டா இன்னிக்கே படகு."

"நான் விருந்தாளியக் கொல்லலீங்களே. பாலாடைக்கட்டிதான் குடுத்தேன்."

"தின்னவங்களுக்கு எதுவும் ஆகலியா?"

லீக்கோஸ் பொய் சொல்லத் தெரியாதவர். "ஒருத்தருக்கு மட்டும் வயித்தால போச்சுங்க."

"போதும். கொலை முயற்சின்னு எழுதிக்கறேன்."

"அப்புறம் என்ன ஆகும்?"

"பெருசா ஒண்ணுமில்ல. ஓட்டைப் பானையில தண்ணி நிரப்பணும். காலமெல்லாம்."

"கட்டியிலேர்ந்து தண்ணி வடியறதப் பாத்தே வளந்தவன், எனக்குப் புதுசில்லீங்க. ஆனா, பொண்டாட்டி ஊத்தற பாலு வருமா?"

"தண்டனைக்காரனுக்கு ஏதுய்யா பாலு?"

"அப்ப வேண்டாமுங்க," என்று ஒதுங்கிக் கரையில் குந்திக்கொண்டார்.

திருநாளும் வந்தது. பிலின்னா மேட்டுக் கல்லறையில் பாதிக் குடத்தை ஊற்றிவிட்டு, முறைப்படி மூன்று தடவை கூப்பிட்டாள்: "லீக்கோஸ்! லீக்கோஸ்! லீக்கோஸ்!"

மலைச்சரிவில் இருந்த இடையர்களுக்குக் கேட்டது ஓநாய், ஓநாய், ஓநாய். தடியும் நாயுமாக ஓடி வந்தார்கள்.

"எங்கக்கா ஓநாய்?"

"என் புருஷனைக் கூப்பிட்டேன்டா, பாவிங்களா!"

"அவரையா ஓநாய் கடிச்சுது?"

அதற்குள் நாய்கள் குடத்தைக் கவிழ்த்து நக்கித் தீர்த்தன. கீழேயும் அதே கதைதான். எட்டில் ஆஜராகியிருந்த ஏழு லீக்கோஸும் பாலுக்குப் பாய்ந்தார்கள். தீப்ஸ் ராஜா முழங்கையால் இடித்தார். பறவை லீக்கோஸ் அலகை முதலில் விட்டது. கட்டிக்காரர் கரையில் நின்று உதட்டை நக்கினார்.

மேலே குடத்தின் அடியில் ஒரு வாய்தான் மிச்சம். பிலின்னாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. முறையாவது ஒன்றாவது என்று, வீட்டில் கத்துகிற மாதிரியே கத்தினாள்: "ஏ புளிச்ச மூஞ்சி! கட்டியையெல்லாம் எலி தின்னுது, எங்கய்யா போய்த் தொலைஞ்ச?"

"இதோ வந்துட்டேன்டி!" என்று கீழே ஒரே ஒரு குரல். ஏழு பேரில் ஒருவரும் திரும்பவில்லை.

பதிவுக்காரர் எழுந்து நின்றார். அப்பேர்ப்பட்ட துல்லியத்தை அவர் தம் பணிக்காலத்தில் கண்டதில்லை. "புளிச்ச மூஞ்சி. ஒருவர் மட்டும். முன்பதிவு ஏதுமில்லை," என்று எழுதி முத்திரை வைத்தார். படகும் கிடைத்தது, அந்த ஒரு வாய்ப் பாலும் இறங்கியது. எங்கள் பயிர்த்தெய்வம் டிமீட்டர் அம்மாவுக்குக் கோடி நமஸ்காரம்.

நான் இதை யாரிடமும் சொல்லவில்லை, என் நாத்தனாரைத் தவிர. சாயங்காலத்துக்குள் ஊர்ச்சபை கூடிவிட்டது. "பெயர்க்குழப்பம் தவிர்க்கும் பொருட்டும், தனித்தன்மை பேணும் பொருட்டும், இனிப் பிறக்கும் மக்களுக்குப் பாதாளத்தில் செல்லுபடியானதென்று நிரூபணமான பெயரையே சூட்டுக" என்று தீர்மானம். நிரூபணமான பெயர் ஒன்றுதான் இருந்தது. அந்த வருஷம் பிறந்த பதினோரு பிள்ளைகளும் புளிச்ச மூஞ்சிகள். என் மூத்தவன் மகனும் அதில் ஒருவன். நான்தான் அடம்பிடித்து வைத்தேன். வழக்கப்படி அவன் பேரனுக்கும் அதுதான்.

அந்தப் பதிவுக்காரரை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. இப்போதெல்லாம் சாமி கும்பிடும்போது அவருக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

என் பெயரில் இந்த ஊரில் ஏழு பேர் இருக்கிறோம். என்னை யாரும் பட்டப்பெயர் வைத்துத் திட்டியதில்லை. பிள்ளைகள் கூப்பிடுவது 'அம்மா' என்று. அந்தக் குரலுக்குக் கீழே எத்தனை பேர் திரும்புவார்களோ. என் மூத்தவனை வழியில் பார்த்தால் இதை மட்டும் சொல்லுங்கள்: என் நாள் வரும்போது, பாலைக் கொஞ்சம் பெரிய குடத்தில் கொண்டுவரட்டும்.