போன ஊர்ல நல்லாத்தானே ஓடுச்சு

மனிதர்களில் போனஊர்க்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கே வந்து இறங்கினாலும் இவர்கள் மனசு மட்டும் முந்தி இருந்த இடத்திலேயே தங்கிவிடும். அங்கே குழாயில் தண்ணீர் கொட்டியது, அங்கே கதவு ஒரே தள்ளில் சாத்திக்கொண்டது, அங்கே மிக்ஸிகூட இவ்வளவு சத்தம் போடவில்லை. இங்கே ஏதாவது மக்கர் செய்தால் போதும், இடுப்பில் கையை ஊன்றி, கூரையை அண்ணாந்து பார்த்து, அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுவார்கள்: "போன ஊர்ல நல்லாத்தானே ஓடுச்சு." இதற்கு என்ன பதில் சொல்வது? போன ஊரையா தூக்கிக்கொண்டு வர முடியும்?

இந்த இனத்தில் உயர்ந்த ரகம் ஒருவரைக் காட்டுகிறேன். நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போகும் லைட்காரர். சொந்தமாக ஒரு லைட் போர்டு வைத்திருக்கிறார். ஒரு குமிழை மேலே தள்ளினால் மேடையில் ஒரு விளக்கு ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். எந்த அரங்கத்துக்குப் போனாலும் அங்கேயே ஒரு போர்டு இருக்கத்தான் செய்யும். அது இவருக்கு ஆகாது. பிறத்தியார் செருப்பில் காலை விடுவதுபோல் கூசும். தம் போர்டைப் போர்வை சுற்றிக் கொண்டுவந்து, அரங்கத்து நெட்வொர்க்கில் கேபிளைச் செருகி, அத்தனை விளக்குகளையும் அதிலிருந்தே ஆட்டிவைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

நாடகத்தில் தனியாளாக நடிப்பவர் அவருடைய மனைவி. கடைசிக் காட்சியில் அம்மணி செத்து விழுந்ததும் வெளிச்சம் முகத்தில் சுருங்கிச் சுருங்கி, முழு இருட்டாக வேண்டும். அந்த இருட்டுக்காகத்தான் மொத்த நாடகமும். போன ஊருக்கும் முந்திய ஊரில் (அந்த ஊரை மட்டும் லைட்காரர் வாய் தவறியும் குறிப்பிடுவதில்லை) இருட்டு வரவேயில்லை. அம்மணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, செத்தவர் எழுந்து, உடையைத் தட்டிவிட்டு உள்ளே நடந்தார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கே சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற லைட்காரர்தான். புருஷனா நீங்க தாராளமா வரலாம், டிக்கெட் வாங்கிட்டு."

ஆக, இந்த ஊர். மத்தியானம் இரண்டு மணி. பாதி வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்த மேடை விளக்குகளைக் கண்டுகொள்ளாமல் லைட்காரர் கேபிளைச் செருகினார். சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவரோடு நின்ற அரங்கத்து எலக்ட்ரீஷியன் பெண் வாயைத் திறந்தாள்.

"சார், எங்க போர்டு இன்னும்..."

"தெரியும்மா. இருபது வருஷமா இதைத்தான் செய்றேன்."

குமிழைத் தள்ளினார். விளக்கு ஜம்மென்று ஏறியது. "பாத்தியாம்மா?" என்று கீழே இழுத்தார். பாதி இறங்கிய விளக்கு அங்கேயே நின்றுகொண்டது. அடுத்த விளக்கும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. எல்லாம் ஏறுகிறது, ஒன்றும் அணையமாட்டேன் என்கிறது.

அப்புறம் இந்த இனத்துக்கே உரிய சடங்குகள் தொடங்கின. கேபிளைப் பிடுங்கி, வாயால் ஊதி, மறுபடி செருகினார். போர்டை அணைத்து, பத்து வரை எண்ணி, மறுபடி போட்டார். ஏணியில் ஏறி, ஒரு விளக்கைக் குற்றவாளியை விசாரிப்பதுபோல் நேருக்கு நேர் முறைத்துவிட்டு, கண் கூசி இறங்கினார். போன ஊர்ல நல்லாத்தானே ஓடுச்சு.

"சார், காலையில எங்க போர்டுல..."

"உங்க கேபிள் பழசும்மா."

"சார், ரெண்டு போர்டும்..."

"உங்க நெட்வொர்க்கே சரியில்லம்மா."

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வேறு என்ன செய்வாள், பாவம்?

ஐந்தரை மணிக்குப் பாதி ஒப்பனையோடு அம்மணி வந்தார். ஆறு மணிக்குக் கதவைத் திறக்க வேண்டும்.

"இருட்டு வருமா?"

"போன ஊர்ல..."

"நான் இந்த ஊரைக் கேட்டேன்."

லைட்காரர் கூரையை அண்ணாந்து பார்த்தார். இருபது வருஷமும் கண்முன்னால் பாதி வெளிச்சத்தில் தொங்கியது. அம்மணி அவரை விட்டுவிட்டு நாற்காலிப் பக்கம் திரும்பினார். "நீங்க ரொம்ப நேரமா ஏதோ சொல்ல வர்றீங்க போல. என்னம்மா?"

அந்தப் பெண் ஒரே மூச்சில் கொட்டினாள். "காலையில தரை கூட்டுறதுக்காக எங்க போர்டுல எல்லா லைட்டையும் பாதிக்கு ஏத்தி வச்சேன். அது இன்னும் ஓடிட்டிருக்கு. ரெண்டு போர்டு சொன்னா, எது அதிக வெளிச்சம் சொல்லுதோ அதைத்தான் லைட்டு கேக்கும். சார் அணைங்கறார், எங்க போர்டு பாதி எரிங்குது. எங்களோடத நிறுத்திட்டா போதும்."

போய் நிறுத்தினாள். கும்மிருட்டு. இருட்டுக்குள்ளிருந்து அம்மணியின் குரல் மட்டும் வந்தது: "நல்லா இருக்கு."

அன்றைக்கு அம்மணி அழகாகச் செத்தார், சனம் அழுதது. லைட்காரர் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அடுத்த ஊருக்கு வாருங்கள். போர்வையைக்கூட அவிழ்க்கவில்லை, அதற்குள் கட்டளை பிறந்துவிட்டது.

"முதல்ல உங்க போர்டை நிறுத்துங்க."

அங்கே எலக்ட்ரீஷியன் ஒரு வழுக்கைத்தலைக்காரர். "சார், இங்க அது..."

"தெரியும்ங்க. நிறுத்துங்க."

நிறுத்தினார். லைட்காரர் குமிழைத் தள்ளினார். ஒன்றும் ஏறவில்லை. இரண்டு கையாலும் எல்லாக் குமிழையும் தள்ளினார். மேடை இருண்டது இருண்டபடி கிடந்தது. இடுப்பில் கை போனது, கண் கூரைக்குப் போனது. "போன ஊர்ல இப்படித்தானே ஓடுச்சு."

ஒப்பனை அறையிலிருந்து தட்டித் தடவி அம்மணி வந்து சேர்ந்தார். "இன்னைக்கு நான் செத்த இடத்துலேருந்தே ஆரம்பிச்சிடவா?" என்றவர், வழுக்கைத்தலைக்காரரிடம் திரும்பினார். "நீங்க சொல்ல வந்ததை முழுசா சொல்லுங்கண்ணே."

"இங்க எங்க போர்டு ஓடினாத்தாம்மா லைட்டுக்கெல்லாம் கரண்டே வரும்."

போட்டார். எல்லாம் சரியாயிற்று. அம்மணி உள்ளே போய் எதையோ எடுத்துவந்து புருஷன் கையில் வைத்தார். ஒரு டிக்கெட். "ஆறாவது வரிசை. அங்கேருந்து நல்லாத் தெரியும். போர்டை அண்ணன் பார்த்துப்பார்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். யாரோ ஒரு சித்தப்பா முகமோ மேலதிகாரி முகமோ நினைவுக்கு வந்திருக்கும். இருக்கட்டும். ஆனால் தானும் இந்த இனந்தானா என்று ஒருவர் கண்டுபிடிக்க ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அது என்னவென்றால், எதிரில் இருப்பவர் ஒரு வாக்கியத்தை...

என்ன, "தெரியும்" என்கிறீர்களா? நல்லது. இந்தாருங்கள், ஆறாவது வரிசை. லைட்காரருக்குப் பக்கத்து இருக்கை.