ஏலக்காவின் நல்ல கொழுப்பு

ஒரே ஒரு பழத்தை வைத்துக்கொண்டு ஒரு தெருவையே ஓட ஓட விரட்டிய பெண்மணி இந்த உலகத்தில் ஒருத்திதான் இருக்க முடியும். அவள் பழவேற்காட்டில் இருக்கிறாள். விரட்டப்பட்டவர்களில் ஓட இடமில்லாதவன் நான் ஒருவன்தான். அவள் வீட்டு மாடியில் அல்லவா குடியிருந்தேன்!

தெருவில் அவளுக்குப் பெயர் ஏலக்கா. பாயசத்தில் போடுகிற ஏலக்காய் இல்லை. ஏரியில் பிடித்த இறாலும் நண்டும் கரைக்கு வந்ததும் கூடைக்குப் பக்கத்தில் நின்று ஏலம் கூவுகிற அக்கா. அதனால் ஏலக்கா. அவள் கூவ ஆரம்பித்தால் அக்கரையில் பசியாவரத்தில் இருப்பவர்களும் இன்றைக்கு நண்டு என்ன விலை என்று தெரிந்துகொள்ளலாம். வீட்டிலும் அதே குரல், அதே முறை. ‘சாப்பிடுறியா’ என்று ஒரு தரம் கேட்பாள், ரெண்டு தரம் கேட்பாள். மூன்றாம் தரத்துக்குள் மறுக்காவிட்டால் சரக்கு உங்கள் தலையில் கட்டப்படும். மறுத்தாலும் கட்டப்படும் என்பது எனக்குப் போகப் போகத்தான் தெரிந்தது.

வினை அவள் வீட்டுக்காரர் நெஞ்சில் ஆரம்பித்தது. அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு காலை, ஏரியில் கோல் ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பொன்னேரியில் டாக்டர் சோதித்துப் பார்த்து, மாரடைப்பு இல்லை, ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருக்கிறது என்றார். மாத்திரை எழுதினார். பாமாயிலில் பொரித்தது, டால்டா, பரோட்டா, உப்புக் கருவாடு எல்லாவற்றையும் குறைக்கச் சொன்னார். மீனைக் குழம்பாக வைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம் என்றார். அப்போது ஏலக்கா, “பின்ன வேற இன்னாதான் துன்றது?” என்று கேட்டாள். கீரை, சுண்டல், வேர்க்கடலை, கொய்யா என்று அடுக்கிக்கொண்டே போன அந்த நல்ல மனிதர், கடைசியாக, கிடைத்தால் அவகாடோ என்கிற பட்டர் ஃப்ரூட் சாப்பிடலாம், அதில் இருப்பது நல்ல கொழுப்பு என்று சொல்லித் தொலைத்தார்.

ஏலத்தில் கடைசியாகக் கேட்ட குரலுக்குத்தானே மதிப்பு? கீரை, சுண்டல், வேர்க்கடலை எல்லாம் பொன்னேரியிலேயே நின்றுவிட்டன. பட்டர் ஃப்ரூட் மட்டும் பஸ் ஏறி எங்கள் தெருவுக்கு வந்தது.

அதுவரை எங்கள் தெருவில் கொழுப்பு என்றால் திமிர் என்று ஒரே அர்த்தம்தான். ஏலக்கா அதை இரண்டாகப் பிரித்தாள். அவள் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்களுக்கு இருப்பது நல்ல கொழுப்பு. கேட்காதவர்களுக்கு இருப்பது கெட்ட கொழுப்பு. எனக்கு எது என்று அவள் சந்தேகத்துக்கு இடமில்லாமல் முடிவு செய்திருந்தாள்.

சென்னைக்கு நண்டு ஏற்றிப் போகும் வண்டி திரும்பி வரும்போது கோயம்பேட்டிலிருந்து வாரம் ஒரு கூடைப் பழத்தோடு வந்தது. பழம் கல் மாதிரி இருந்தது, நண்டு மாதிரி மணத்தது. அதை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தாள். சோறு வடிக்க அரிசி அள்ளப் போன மகள் சுமதி, உருண்டையாக ஏதோ கையில் தட்டுப்பட்டு அலறினாள். அந்தப் பழத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நாள்கணக்கில் கல்லாகவே கிடக்கும், ஒரு நாள் காலையில் எல்லாமே சேர்ந்து பழுத்துவிடும். மறுநாள் வரை தாங்காது. ஆக அந்த ஒரு நாளில் கூடை முழுவதையும் யாராவது தின்றாக வேண்டும். அந்த யாராவது எப்போதும் நான்தான்.

இட்லிக்கு அதுவே சட்னி. தோசைக்கு மேல் அதுவே பூச்சு. சும்மா சொல்லக் கூடாது, வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு விட்டுப் பிசைந்தால் நன்றாகவே இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்டுக் குழம்பில் தேங்காய்ப் பாலுக்குப் பதிலாக அதைக் கரைத்துக் கொதிக்க வைத்தாள். கொதித்ததும் அது வேப்பிலைக்குத் தங்கையாகிவிட்டது. மாமா முதல் கவளத்தோடு கண்ணை மூடிக்கொண்டார். ருசிக்கிறார் என்று நினைத்து அவருக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

நான் காட்டுப்பள்ளிப் பக்கம் கப்பல் சரக்கு இறக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்த பக்கத்து மேசைக்காரர், எந்தக் கப்பலுக்கு இந்தப் பெயின்ட் என்று விசாரித்தார். சாயங்காலம் வந்து, அக்கா, எனக்கு வேண்டாம், இறங்க மாட்டேன் என்கிறது என்று கெஞ்சினேன்.

“ஒரு கப்பலையே எறக்கி வெக்கிறீங்க, இந்தத் தம்மாத்தூண்டு பழத்த எறக்க முடியலியா?” என்று கேட்டுவிட்டு, இன்னும் ஒன்றை என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

சுமதி தன் பங்கை ரகசியமாக முகத்தில் பூசிக்கொண்டிருந்தாள். பிடிபட்ட அன்று, வாய்க்கு வாங்கியதை மூஞ்சிக்குப் போடுகிறாயா என்று எழுந்த கூச்சலில் தெருவே கூடிவிட்டது. கூடிய தெருவுக்கு ஆளுக்கொரு பழம் கிடைத்தது. அதன்பிறகு ஏலக்கா வீட்டில் சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

எங்களில் முகம் சுளிக்காமல் தின்றவர் மாமா ஒருவர்தான். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். படகுத்துறைப் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் எண்ணெய் சொட்டச் சொட்ட மீன் பொரித்துத் தருவார்கள். மாமா அங்கே நின்று இரண்டு துண்டைத் தின்றுவிட்டு, இடுப்பு மடியிலிருந்து ஒரு பட்டர் ஃப்ரூட்டை எடுத்துப் பிதுக்கி வாயில் போட்டுக்கொள்வார். நான் பார்த்துவிட்டதும் விளக்கம் வேறு சொன்னார். முன்னால் கெட்ட கொழுப்பு போகிறதாம், பின்னாலேயே நல்ல கொழுப்பு போய் அதை அடித்துத் துரத்திவிடுமாம். நான் சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

மழை விட்டிருந்த ஒரு காலையில், அதே துறையில், வலையைத் தூக்கிப் படகில் போடக் குனிந்தவர் நிமிரவில்லை. நான் போவதற்குள் அவரைப் படகு கட்டும் கட்டையில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மழையில் நனைந்ததல்ல. ஏலத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஏலக்கா ஓடி வந்தாள். ஆட்டோவில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பொன்னேரி போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பழத்தை இன்னும் ஒரு கூடை தின்னச் சொன்னால்கூடத் தின்றுவிடலாம் போலிருந்தது எனக்கு.

நல்ல வேளையாகச் சீக்கிரம் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். ஊசி போட்டு, கட்டிலில் படுக்க வைத்து, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். வீட்டிலிருந்த சுமதிக்குப் போன் போட்டோம், அவள் மாத்திரைப் பையோடு பஸ் ஏறி வந்தாள். அட்டைகள் ஒன்றுகூடப் பிரிக்காமல் அப்படியே இருந்தன.

“இன்னா நைனா இது?” என்றாள் சுமதி.

“அதான் ஒங்கம்மா பழம் குடுக்கறாளே,” என்றார் மாமா மெல்ல. “அதுவே போதும்னு வுட்டுட்டேன்.”

தள்ளுவண்டி மீன் கதையை நான் சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை. பழம் நல்லதுதான், ஆனால் அது மருந்து இல்லை என்றார். டால்டாவுக்கும் பொரித்ததற்கும் பதிலாகச் சாப்பிட்டால்தான் இதயத்துக்கு உதவும், பொரித்ததையும் தின்றுவிட்டு அதன் மேல் இதையும் தின்றால் உடம்புதான் பெருக்கும், எந்தக் கொழுப்பானாலும் அளவு உண்டு, பாதிப் பழம் போதும் என்றார். அப்புறம் பழைய கீரை, சுண்டல், வேர்க்கடலையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை ஏலக்கா எல்லாவற்றையும் கேட்டாள்.

வெளியே வராந்தாவில் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் கூவுனத நம்பிட்டாருப்பா,” என்றாள். “சரக்க விக்கறவ கூவத்தான் கூவுவா. கட்டுனவரு அத்தப் போயி நம்புவாரா?”

அவர் நம்பாமல் வேறு யார் அக்கா நம்புவார்கள் என்றேன். அதற்குத்தான் அழுதாள். ஏலக்கா அழுதால் சத்தமே வராது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மாமா தேறி வீடு வந்தார். இனிமேல் நிம்மதி என்று நான் நினைத்தது எவ்வளவு பெரிய தவறு. பொன்னேரி பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு ஏலக்கா வீடு வீடாகப் போனாள். பழம் வேறு, மாத்திரை வேறு, ஒன்றுக்கு ஒன்று ஈடு இல்லை என்று அதே குரலில் கூவினாள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை தின்கிற ஒவ்வொருவரையும் வாசலில் நிறுத்தி விழுங்கச் சொல்லி, வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். எனக்கு எந்த மாத்திரையும் கிடையாது. அது அவளுக்குப் பொறுக்கவில்லை. ரத்தம் குடுத்துச் சோதித்துக்கொண்டு வா என்று மாடிப்படியில் நின்று தினமும் கத்தினாள். தள்ளுவண்டிக்காரர் மாமாவைக் கண்டாலே அடுப்பை அணைக்க ஆரம்பித்தார். வீட்டில் டால்டா டப்பாவில் வேர்க்கடலை வந்தது. பட்டர் ஃப்ரூட் அரைப் பழமாகக் குறைந்தது, அதுவும் எப்போதாவது. மாமாவின் அடுத்த ரத்தப் பரிசோதனை நன்றாக வந்ததும் டாக்டர் மாத்திரையையும் சாப்பாட்டு மாற்றத்தையும் பாராட்டினாராம். ஏலக்கா தெருவில் சொன்னபோது மாத்திரை எப்படியோ விட்டுப்போயிருந்தது. சொன்ன கையோடு அவளே திரும்பி வந்து அதையும் சேர்த்துக் கூவினாள்.

கல்யாணம் ஆனபின் நான் அனுப்பம்பட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே ரயில் சத்தம் தவிர வேறு தொந்தரவு இல்லை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் யாரும் மூன்று தரம் கேட்பதில்லை. போன வாரம் அலுவலகத்தில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்குக் கொழுப்பு கொஞ்சம் கூடுதல் என்று வந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவலைப்பட ஒன்றுமில்லை, சாப்பாட்டில் கவனமாக இருங்கள் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். எனக்கு மனசே ஆறவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று பழவேற்காட்டுக்குப் போன் போட்டேன். யாராவது என்னை நன்றாகத் திட்ட வேண்டும் போலிருந்தது.