பத்தியில் இல்லாதது

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே மூவரும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று இரண்டு வருடமாகத் தினமும் பிரார்த்தனையில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு எங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: நான், உங்கள் மாப்பிள்ளை, என் மகள், கோர்ட்டில் முப்பது வருடம் டைப் அடித்து ஓய்வு பெற்ற மேல்வீட்டுப் பெரியவர், சுவரில் சாமி படம். படத்தோடு சேர்த்து ஐந்து சாட்சி.

உங்கள் மருமகளுக்குச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு இன்னும் பத்தொன்பது நாளில். அதில் இங்கிலீஷ் பகுதி என்று ஒன்று. ஒரு பத்தி கொடுத்து, கீழே கேள்வி கேட்கிறார்கள். விடை பத்தியில் இருப்பதை வைத்தே சொல்ல வேண்டுமாம், நமக்குத் தெரிந்ததை வெளியிலிருந்து கொண்டு வரக் கூடாதாம், தப்பாகச் சொன்னால் கால் மார்க் பிடித்துக்கொள்வார்களாம். நான்தான் சமையலறை மணிக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நேரம் பார்க்கிறேன், நோட்டில் எழுதுகிறேன். இதுவரை நாற்பத்தொரு பத்தி. மற்றக் கேள்விகளில் குறையில்லை. 'எழுதியவரின் மனநிலை என்ன' என்ற கேள்வியில் மட்டும் இருபத்து மூன்று தப்பு. அவளுடைய பள்ளிப் புத்தகங்களை வைத்து அவளுக்கு ஒரு வகுப்பு பின்னாலேயே நானும் இங்கிலீஷ் கற்றுக்கொண்டு வந்தவள் என்பதால், நானும் கூடவே விடை எழுதுவேன். எனக்குத் தப்பு வேறு விதம். ஆலைப் புகை பற்றிய பத்தியில் யார் மேல் குற்றம் என்று நான் முடிவு செய்துவிட்டேன். "அம்மா, உன்னைத் தீர்ப்பு சொல்லச் சொல்லல. பத்தியில என்ன இருக்குன்னுதான் கேட்டாங்க" என்கிறாள்.

போன வாரம் அவளே பேனாவை மூடி வைத்துவிட்டாள். "மனுஷங்க மனசைப் படிக்கத் தெரியாதவ வக்கீலாகி என்ன பண்ணப் போறேன்? எனக்கு இது சரிப்படாதுன்னு மாமா அப்பவே எழுதிட்டாரே. நான் பரீட்சைக்குப் போகல." அதனால் ஒரு காரியம் செய்தேன். இரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் எழுதிய கடிதத்தைக் 'கடிதங்கள்' ஃபைலிலிருந்து எடுத்து, "அச்சுல வந்தவங்க மனசு தெரியலைன்னா, தெரிஞ்ச மனுஷன் மனசுல பழகு. இதை இங்கிலீஷ்ல எழுதிப் பத்தியாக்கு" என்றேன். "மாமா லெட்டரா? பேரைச் சொன்னாலே உனக்கு முகம் மாறுமே" என்று சொல்லிக்கொண்டேதான் எழுதினாள். இங்கிலீஷில் நீங்கள், நீங்களே அனுப்பும் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தீர்கள்.

நீங்கள் எழுதியது உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மனப்பாடம். 'உன் மகள் சட்டம் படிக்க ஆசைப்படுவதாக எழுதியிருந்தாய். கோர்ட்டு வராந்தாவில் நின்றே பாதி ஆயுள் போய்விடும் தொழில் இது. காத்திருக்கத் தெரியாதவர்களுக்குச் சரிப்படாது. நம் வீட்டில் இதுவரை கல்லூரிக்குப் போனவன் நான் ஒருவன்தான்.' அவ்வளவுதான். கையெழுத்துகூட இல்லை. எனக்கு அதுவே போதாதா, அன்றோடு உங்களுக்கு எழுதுவதை நிறுத்தினேன்.

கேள்வி: எழுதியவரின் மனநிலை என்ன? ஏளனம், கோபம், களைப்பு, அக்கறை. மணி அடிக்கும் முன்பே நான் ஏளனம் என்று எழுதிவிட்டேன். நாள் முழுக்கக் கண்ணாடிக் கடையில் நிற்கிற உங்கள் மாப்பிள்ளை, "களைப்புதான். பாவம், நின்னு நின்னு மச்சானுக்குக் கால் வலி" என்றார். "உங்களுக்கு எதைப் படிச்சாலும் கால் வலிதான்" என்றேன். பெரியவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கையெழுத்து இல்லாத காகிதத்துக்கு மனநிலையே கிடையாதும்மா. எங்க கோர்ட்டுல வாங்கவே மாட்டாங்க" என்றார். மகள் மட்டும் அக்கறை என்று எழுதியிருந்தாள். என்னைப் பார்த்து, "ஏளனம்னு எந்த வரியில இருக்கு? விரலை வச்சுக் காட்டு" என்றாள்.

கடைசி வரியில் வைத்தேன். "அது தகவல்மா. மாமா ஒருத்தர்தானே காலேஜ் போனாரு? நிஜம்தானே? மிச்சத்தை நீ வெளியிலேருந்து கொண்டு வந்திருக்கே."

அண்ணா, என் விரல் அந்தத் தாள் முழுக்க நகர்ந்து பார்த்தது. நிற்க ஒரு இடம் கிடைக்கவில்லை. நீங்கள் கல்லூரிக்குப் புதுப் பையோடு கிளம்பிய காலையில் நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், உனக்கு என்ன படிக்க ஆசை என்று என்னை யாரும் கேட்கவில்லை. அதைத்தான் நான் உங்கள் கடிதத்தில் படித்திருக்கிறேன். நீங்கள் அதை எழுதவில்லை. செய்ததும் நீங்கள் இல்லை. எனக்குக் கால் மார்க் போயிற்று. மகளே நோட்டில் பதிந்தாள்.

ஆகவே அந்தக் கடிதத்தில் களைப்பும் அக்கறையும் மட்டுமே உண்டு என்று ஏற்றுக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறேன். அவளுக்கு இந்தப் படிப்பு சரிப்படாது என்பதுதான் இன்றும் உங்கள் எண்ணம் என்றால், அவளுக்கே நேராக எழுதிவிடுங்கள். தாங்கிக்கொள்வாள். ஆண்டவன் உங்களுக்கு நல்ல உடம்பையும், வராந்தாவில் உட்கார ஒரு பெஞ்சையும் தரட்டும்.

இப்படிக்கு,
தங்கை

பின்குறிப்பு: மேலே உள்ளதை ரத்து செய்துகொள்ளவும். இன்று காலை தேர்வு அனுமதிச் சீட்டுக்காகப் 'பள்ளி' ஃபைலைத் திறந்தேன். உங்கள் கடிதத்தின் இரண்டாம் தாள் அங்கே இருக்கிறது. ஒரு பக்கத்தில் பதினொரு புத்தகங்களின் பட்டியல். அன்றைக்கு அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்து, தேதி போட்டு, 'பாடப் புத்தகங்கள்' என்று ஒழுங்காகக் கோத்திருக்கிறேன். மறுபக்கம்: 'இரண்டாவதாக அவள் போகட்டும். அவளுக்குக் காத்திருக்கத் தெரியும், உனக்குத்தான் தெரியாது. பின்பக்கத்தில் எழுதியிருக்கும் புத்தகங்களை அவளுக்காக எடுத்து வைத்திருக்கிறேன். எப்போது வருகிறீர்கள்? உடனே பதில் போடு.' கீழே கையெழுத்து. பெரியவர், "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று மாடிப்படி முழுக்கச் சொல்லிக்கொண்டு போகிறார். பாதிப் பத்தியைப் படித்ததால் எங்கள் எல்லோருக்கும் பூஜ்யம். மகள் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள், மணிக் கடிகாரத்தைத் தானே திருகி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாற்பத்திரண்டாவது பத்தி நடக்கிறது.

இரண்டு வருடம் நீங்கள் தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பீர்கள். இது பத்தியில் இல்லை, நானாக வெளியிலிருந்து கொண்டு வருகிறேன். கால் மார்க் போனால் போகட்டும். உங்கள் கேள்விக்கு விடை: பரீட்சை முடிந்த மறுநாள் வருகிறோம். புத்தகங்கள் இன்னும் இருக்கின்றனவா? சீக்கிரம் பதில் போடுங்கள்.