எல்லாரும் கூலிதானுங்களே

கிடைத்த வேலையை மரியாதையாகப் பேசியே தொலைக்கத் தெரிந்தவர் சேலம் ஜில்லாவில் சும்மாட்டுக்காரர் ஒருவர்தான். மேட்டூர்ப் பக்கம் ஒரு கண்டிராக்டரிடம் செய்த மண் வேலையை அப்படித் தொலைத்துவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஓமலூர்ச் சாலையில் நடந்துகொண்டிருந்தார். தலையில் சுமை இல்லை. சும்மாடு மட்டும் இருந்தது. தின்னும்போதும் தூங்கும்போதும்கூட அந்தத் துணிச்சுருளை அவர் தலையைவிட்டு எடுத்து யாரும் பார்த்ததில்லை. அவர் பெயரைக் கேட்டவர்களும் இல்லை.

நடந்தது இதுதான். அன்று பட்டுவாடா. கூலிகள் வெயிலில் வரிசையாக நிற்க வேண்டும். சம்பளக்காரர்கள் கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாங்குவார்கள். இவர் நேரே கொட்டகைக்குள் போய்க் கணக்கப்பிள்ளையின் கையைப் பிடித்தார்.

"வாங்க சாமி, நம்ம வரிசைக்கு. நீங்களும் கூலிதானுங்களே! நாங்க வாரக்கூலி, நீங்க மாசக்கூலி. அத்தனதானுங்க."

அதில் கேலியே இல்லை. சொந்தக்காரரைப் பந்திக்குக் கூப்பிடுகிற முகம்.

"யாரைப் பார்த்துடா கூலிங்கறே? நான் உத்தியோகஸ்தன்!"

"அப்படிங்களா? அப்ப கூலி கொஞ்சம் சேத்திக் குடுப்பாங்களாட்ட இருக்குதுங்க."

கூலிகூடக் கொடுக்காமல் அவரை அப்போதே விரட்டினார்கள். நான் சிரித்துவிட்டேன், என்னையும் விரட்டினார்கள்.

மறுநாள் சேலம் கடைவீதியில் ஒரு கடை நிழலில் கால் நீட்டினோம். போலீஸ்காரர் வந்து தடியால் ஆளுக்கு இரண்டு வைத்தார். நான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு திட்டினேன். சும்மாட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"வையாதீங்க சாமி. பாவம், கூலிக்கு அடிக்கறாரு. மேல இருக்கறவங்க அடின்னா அடிச்சுத்தான ஆகோணும்?"

அவர் அகராதியில் கலெக்டரிலிருந்து கோவில் குருக்கள் வரை கூலிதான். பிறருக்கு உழைத்துக் கை நீட்டுகிற எல்லாரும் அவருக்கு ஒரே ஜாதி.

வாழப்பாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது கஞ்சியைப் பார்த்து இரண்டு நாளாகியிருந்தது. காலையில் கடலை மண்டியில் வண்டிக்கு மூட்டை ஏற்ற ஆள் எடுப்பார்கள் என்று சொன்னார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஏனுங்ணா, நாளைக்கு மட்டும் வாயத் தொறக்காதீங்க. தொறந்தீங்கன்னா நாம பட்டினிதான்."

"தொறக்கமாட்டேன் சாமி. தொறக்கற மாதிரி வந்தா, இந்தச் சும்மாட்டை வாயில திணிச்சுக்கறேன்."

காலையில் மண்டி வாசலில் நின்றோம். குமாஸ்தா பெஞ்சைத் துடைத்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "கூலியெல்லாம் அந்தாண்ட நில்லு. இது சம்பளக்காரன் உட்கார்ற இடம்."

திரும்பிப் பார்த்தேன். சும்மாட்டுக்காரர் சொன்னபடியே சும்மாட்டை உருவி வாயில் அடைத்திருந்தார். கண் இரண்டும் பிதுங்கின. அன்றுதான் அவர் தலையைப் பார்த்தேன். உச்சியில் ஒரு முடி இல்லை. ஆப்பச்சட்டியைக் கவிழ்த்த மாதிரி பளபளத்தது.

"இவனுக்கு என்னாடா?"

"பல்வலிங்க."

வேலை கிடைத்தது. ஆனால் வண்டிகள் நாலைந்து நின்றன, ஆள் போதவில்லை. அப்போது முதலாளி வந்தார். பெஞ்சிலிருந்த குமாஸ்தாவைப் பார்த்துக் கத்தினார்.

"ஏன்டா, குந்திக்கினே கூலி வாங்கலாம்னு பார்க்கிறியா? எழுந்து நீயும் மூட்டையைத் தூக்குடா!"

குமாஸ்தா சுருங்கிப்போய் எழுந்து வந்தார். தலைப்பாகை கிடையாது, துண்டு கிடையாது. எண்ணெய் வைத்து வகிடெடுத்த தலை. சும்மாட்டுக்காரர் வாயிலிருந்து துணியை எடுத்தார். தொலைந்தது, காலையிலிருந்து அடக்கியதெல்லாம் இப்போது வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தால், எச்சில் ஈரத்தோடு அந்தச் சும்மாட்டைச் சுருட்டிக் குமாஸ்தாவின் வகிட்டின் மேல் பக்குவமாக வைத்துக்கொண்டிருந்தார்.

"மெதுவாங்க சாமி. மொத மூட்டைக்குக் கழுத்து வலிக்கும். அப்பறம் பழகிப்போயிரும்."

பிறகு என்னைக் கூப்பிட்டு, "தூக்கிவிடுங்க" என்று மூட்டைக்கு முன் வெறுந்தலையோடு குனிந்தார். நான் இடுப்புத் துண்டை அவிழ்த்துச் சுருட்டி, அந்தப் பளபளப்பின் மேல் வைத்துவிட்டுத்தான் மூட்டையைத் தூக்கினேன்.